கடை சாத்துற நேரம்: ஊவாத் தோட்டங்களின் சின்னக் கடைகள் ஏன் களைச்சுப் போகுது?

சின்னதா ஒரு தொழில் செய்றவங்க களைச்சுப் போகாம அதை எப்படி நீண்ட காலம் நடத்துறது? இந்தக் கேள்விக்கு யூடியூப்ல பதில் கொட்டிக் கிடக்கு. காலையில அஞ்சு மணிக்கு எழும்புங்க, வேலையைப் பிரிச்சுக் குடுங்க, வாரத்துல ஒரு நாள் போனை அணைச்சு வைங்க, 'முடியாது'ன்னு சொல்லப் பழகுங்க. கெட்ட ஆலோசனைன்னு சொல்ல மாட்டோம். ஆனா பண்டாரவளையிலிருந்து பூனாகலைப் பக்கம் ஏறுற வழியில, ஏதாவது ஒரு டிவிசன்ல, லயத்து முன்னறையில கடை வச்சிருக்கிற ஒரு அக்காகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. அஞ்சு மணிக்கு எழும்பச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, பிரட்டுக்குப் போறவங்க அதுக்கு முன்னமே கதவைத் தட்டிருவாங்க. வேலையைப் பிரிச்சுக் குடுக்க இருக்கிறது பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் மட்டும்தான். 'முடியாது'ன்னு சொன்னா, சொல்லப்படுறவர் பக்கத்துக் காம்பராவுல இருக்கிறவர், அநேகமா சொந்தக்காரர்.

எங்க குழுவில மூணு பேருடைய வீட்டுக்கு இப்படிப்பட்ட கடைதான் சோறு போட்டது. ஆகவே இந்தக் களைப்பை நாங்க ஒரு தனிமனிதப் பலவீனமாப் பார்க்கத் தயாரில்லை. அதுக்கு ஒரு வரலாறு இருக்கு. இந்தக் கட்டுரையில அதைத்தான் தேடிப் பார்க்கிறோம்.

முதல்ல அந்தச் சொல். 'பேர்ன் அவுட்' என்பதை உளவியல்ல ஒரு கருத்தாக் கொண்டு வந்தவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். நியூயோர்க்ல இலவச சிகிச்சை நிலையம் ஒன்றில் தொண்டு செய்தவர்களிடம், தன்னிடமும், கண்டதை வைத்து 1974ல் எழுதினார். 2019ல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் நோய் வகைப்பாட்டில் 'தொழில்சார்ந்த நிகழ்வு' என்று சேர்த்தது. நோய் என்று சொல்லவில்லை. சக்தி வற்றிப்போதல், வேலையில் இருந்து மனம் விலகிப்போதல், செய்வது எதுவும் பயன்படாது என்ற உணர்வு, இந்த மூன்றும் சேர்ந்தது என்கிறது. சரியாகக் கையாளப்படாத, நீண்டகால வேலையிட அழுத்தத்தின் விளைவு என்றும் சொல்கிறது. இங்கே எங்களுக்கு முக்கியமான வார்த்தை 'வேலையிடம்'. கடையே வீடாகவும், வாடிக்கையாளரே அயலவராகவும் இருக்கிற இடத்தில் வேலையிடம் எங்கே தொடங்குது, எங்கே முடியுது?

இனி வரலாற்றுக்கு வருவோம். ரயில் 1894ல் பண்டாரவளைக்கு வந்தது. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆகிவிட்டது. இடைப்பட்ட அந்த முப்பது வருஷத்தில்தான் இந்த ஊர் ஒரு பஸாராக வளர்ந்தது. அரிசி மூட்டை இறங்குற இடம், தேயிலைப் பெட்டி ஏறுற இடம். 1900ல் தியத்தலாவையில் போவர் போர்க் கைதிகளுக்கு முகாம் போட்டதும் வியாபாரத்துக்கு ஒரு கை குடுத்தது. ஆனா எங்க கதை டவுன்ல தொடங்கல. தோட்டத்துக்குள்ள, கடை வருவதற்கு முன்னாலேயே, கடன்ல தொடங்குது.

தமிழ்நாட்டிலிருந்து ஆள் கூட்டி வந்த கங்காணி, வழிச்செலவுக்கு முற்பணம் குடுத்துத்தான் கூட்டி வந்தார். அந்தக் கடன் தொழிலாளியோடவே மலையேறி வந்தது. ஒருவர் தோட்டம் மாறணும்னா அவருக்கும் அவர் கூட்டத்துக்கும் உள்ள கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' வேணும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால்தான் ஆள் கிடைக்கும். 1921ல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். சம்பளமோ, அது வரும்போது வரும். மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து 60 நாளுக்குள் குடுக்க வேண்டும் என்று 1889ல் ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. இதைக் கொஞ்சம் நிதானமா வாசிங்க. அறுபது நாள் என்பது தொழிலாளிக்குக் கிடைத்த பாதுகாப்பு! அதுக்கு முன்னால நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிச்சுக்கலாம்.

அந்த அறுபது நாள் என்ன சாப்பிடுறது? தோட்டம் அரிசி குடுத்தது, சம்பளத்துல பிடித்துக்கொண்டது. அரிசி தவிர்ந்த மற்ற எல்லாத்துக்கும், உப்பு, மிளகாய், கருவாடு, புகையிலை, துணி, கடை வேணும். கையில காசு இல்லாத சனத்துக்கு நடக்கிற கடை, கடனுக்குக் குடுக்கிற கடையாத்தான் இருக்க முடியும். பல தோட்டங்களில் அந்தக் கடை பெரிய கங்காணியுடையது, இல்லாவிட்டால் அவருடைய தயவுல நடந்தது. ஆள் சேர்த்தவரும் கடன் குடுத்தவரும் சாமான் விற்றவரும் ஒருவரே என்றால், கடைக்காரருக்குக் களைப்பு வராது. கடன் வசூலிக்கிற அதிகாரம் முழுக்க அவர் கையில. சம்பள மேசைக்குப் பக்கத்துலயே நின்று வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காலத்துத் தோட்டக் கடைக்குச் சுரண்டல் என்ற பெயர் வந்தது நியாயம்தான், அதை நாங்க மறுக்கல. ஆனா கங்காணியின் அதிகாரம் சட்டத்தாலும் தொழிற்சங்கத்தாலும் மெல்ல மெல்லத் தேய்ந்த பிறகும் கடை நின்றது, கடனும் நின்றது. வசூலிக்கிற பலம் மட்டும் போய்விட்டது. இன்றைக்கு லயத்துக் கடைக்காரர் சுமப்பது அந்தப் பழைய பாரத்தைத்தான். பெரிய கங்காணிக்கு இருந்த அதிகாரத்துல ஒரு துளிகூட அவருக்கு இல்லை.

சின்ன வியாபாரிக்குத் தோட்டத்துக்குள் ஒரு விசேஷ இடம் இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி சொல்றோம். கோ. நடேசய்யர் எங்க தொழிற்சங்க வரலாற்றில் பெரிய பெயர். ஆனா அவர் இலங்கைக்கு முதலில் வந்தது தஞ்சாவூரில் நடத்திய 'வர்த்தகமித்திரன்' என்ற வியாபாரிகள் பத்திரிகையின் ஆசிரியராக. தோட்டத்து நிலைமையை நேரில் பார்க்க அவர் புடவை வியாபாரி வேஷத்தில்தான் உள்ளே போனார். வெளியார் உள்ளே வந்தால் அத்துமீறல் என்று பிடிக்கிற காலத்தில், துணி மூட்டையைத் தோளில் போட்டவருக்கு மட்டும் கேட் திறந்தது. துரைமாருக்குச் சின்ன வியாபாரி தேவைப்பட்டார். அவர் இல்லாவிட்டால் அந்தச் சம்பளத்தில் சனம் பிழைக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

இப்ப எதிர்ப்பக்கம் இருந்து பார்ப்போம். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதென்னைத் தோட்டத்துக்கு மேல இருக்கிற லிப்டன் சீட்டுக்கு எங்கள்ல பலர் ஒரு தடவையாவது போயிருக்கோம். உச்சியில தேத்தண்ணி குடிச்சு, போட்டோ எடுத்து, இறங்கி வந்திருக்கோம். தோமஸ் லிப்டன் தேயிலை மன்னன் என்று மட்டும்தான் அந்த இடத்துல ஞாபகம் வரும். அவர் ஒரு சில்லறைக் கடைக்காரர். பெற்றோர் அயர்லாந்திலிருந்து கிளாஸ்கோவுக்கு வந்து சின்னக் கடை வைத்தவர்கள். 1871ல் கிளாஸ்கோவின் ஸ்டொப்குரொஸ் தெருவில் தன் சொந்தக் கடையைத் திறந்தார். ஆரம்பத்தில் இரவு கடைக்குள்ளேயே கவுண்டருக்குக் கீழே படுத்துக்கொள்வார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. வெற்றி பெற்றவர்கள் எல்லோரைப் பற்றியும் இப்படி ஒரு கதை இருக்கும், அதுக்கு மேல அதுக்கு மதிப்புக் குடுக்க வேண்டியதில்லை.

கதையை விட முக்கியமான விஷயம் அவர் காசுக்கு மட்டும் விற்றார் என்பது. கடன் கிடையாது. இடைத்தரகரை வெட்டி, உற்பத்தி செய்கிற இடத்திலேயே வாங்கி, மலிவா விற்றார். 1890ல் இலங்கைக்கு வந்து தம்பேதென்னை உட்பட ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கியதும் இதே கணக்குத்தான். தேயிலையை அன்றைய விலைக்கு நல்லாக் கீழே இறக்கி, கிளாஸ்கோ, லண்டன் தொழிலாளிக் குடும்பங்கள் வாங்கக்கூடிய பொருளா ஆக்கினார். 1898ல் கம்பனிப் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றார், 'சேர்' பட்டமும் வந்தது.

காசுக்கு மட்டும் விற்கிற கடை கிளாஸ்கோவில் ஏன் சாத்தியமானது? பிரித்தானியத் தொழிற்சாலைத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் வாரச் சம்பளம். சனிக்கிழமை கையில காசு இருக்கும். தம்பேதென்னைச் சரிவில கொழுந்து எடுத்தவருக்கு அது இல்லை. அங்கே தேயிலையை மலிவாக்கிய அதே கணக்கு இங்கே சம்பளத்தைக் குறைவாகவும் தாமதமாகவும் வைத்தது. அந்தத் தாமதத்தை யாராவது நிரப்பியாகணும், நிரப்பினது தோட்டத்துக் கடைக்காரர். ஒரே தேயிலைக் கொடியின் இரண்டு நுனியில இரண்டு சில்லறைக் கடை. ஒன்று கடன் இல்லாமல் உலகளாவிய கம்பனியா வளர்ந்தது. மற்றது கடன் குடுத்துக் குடுத்தே லயத்து முன்னறையைத் தாண்டாமல் நின்றது. லிப்டனின் உழைப்பையும் கெட்டித்தனத்தையும் குறைத்துச் சொல்லணும்னு எங்களுக்கு ஆசை இல்லை. ஆனா 'உழைத்தால் லிப்டன் ஆகலாம்' என்று சுயதொழில் பயிற்சி வகுப்புகளில் சொல்றப்போ, சிரிப்பை அடக்கக் கொஞ்சம் கஷ்டமா இருக்கு.

கடைக்காரருக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறோம். கொழும்பு செட்டியார் தெருவிலிருந்து வந்த அரிசியும் கடனும், டவுன் மொத்தக் கடை வழியாத் தோட்டத்துக்கு வந்தது. 1925ல் வங்கிகள் செட்டியார்களுக்குக் கடனை இறுக்கியபோது, அந்த நெருக்கடி 'செட்டி நெருக்கடி' என்றே பெயர் வாங்கியது. உள்நாட்டு வங்கிக் கடனுக்கு வழி தேடிய ஆணைக்குழு 1934ல் அறிக்கை தந்தது, 1939ல் இலங்கை வங்கி தொடங்கியது. ஆனா வங்கி என்றால் ஈடு வேணும். லயக் காம்பரா கடைக்காரர் பெயரில் இல்லை, தோட்டத்துக்குச் சொந்தம். நூறு வருஷமா ஒரு குடும்பம் இருந்த அறைக்கு உறுதி கிடையாது, அந்த அறையில நடக்கிற கடைக்குக் கடனும் கிடையாது. இன்னொரு சமாச்சாரம்: 1987ம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தை 2018ல் திருத்தும் வரைக்கும், தோட்டத்துக்குள் ஒரு பாதையைப் போடுவதற்குக்கூட பிரதேச சபைக்குச் சட்டம் தடையாக இருந்தது. பஸ் போகாத இடத்துக்குச் சாமான் ஏத்துற செலவை யார் கட்டியது என்று கேட்டுப் பாருங்க.

இனி இன்றைய கணக்கு. பெரும்பாலான தோட்டங்களில் 10ம் திகதி சம்பளம், 25ம் திகதி அட்வான்ஸ். நடுவுல கொப்பி. ஒரு கடையில 60 குடும்பத்துக்குப் பற்று இருக்கு, சராசரியா மாதம் 8,000 ரூபாவுக்குச் சாமான் என்று வச்சுக்கொள்வோம். இது கற்பனைக் கணக்கு. உங்க வீட்டுக் கொப்பியைப் பார்த்து நீங்க திருத்திக்கலாம். மொத்தம் 480,000 ரூபா. நூற்றுக்கு எட்டு ரூபா லாபம் வந்தால் 38,400. சரக்குக்குப் புரட்டிய காசுக்கு மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் 9,600 போச்சு. மிச்சம் 28,800. காலை அஞ்சிலிருந்து இரவு ஒன்பது வரை, பதினாறு மணித்தியாலம், முப்பது நாள்: 480 மணித்தியாலம். ஒரு மணித்தியாலத்துக்கு 60 ரூபா. 2024ல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் கிட்டத்தட்ட 169. 'முதலாளி' என்று கூப்பிடப்படுறவர், கடனுக்கு வாங்க வர்றவருடைய சம்பளத்தில் மூணில் ஒரு பங்கு வாங்குறார். ஓட்டோ கூலி, எலி தின்றது, திரும்பி வராத பற்று எதையும் நாங்க கழிக்கவே இல்லை. அந்த 9,600 ரூபா வட்டி எதுக்கு? சம்பளம் மாதக் கடைசியில் வருவதற்கு. தோட்டம் கட்ட வேண்டிய வட்டியை கடை கட்டுது.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, கடையை ஒரு மணித்தியாலம் முன்னுக்கே சாத்தினா என்ன என்று கேட்கலாம். சாத்தலாம். இரவு எட்டு மணிக்குப் பனடோல் கேட்டு வர்ற பிள்ளை பக்கத்துக் கடைக்குப் போகும், மறுநாள் அந்தக் குடும்பத்தின் பற்றும் அங்கே போகும். ஒருவர் மட்டும் சாத்தினா நட்டம், எல்லோரும் சேர்ந்து சாத்தினாத்தான் ஓய்வு. இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கடைகளை எத்தனை மணிக்கு மூடுறது என்று உலகமெல்லாம் சட்டம் வந்ததுக்கு இதுவே காரணம்.

இலங்கையில் அந்தச் சட்டம் 1954ம் ஆண்டின் 19ம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45, வாரத்தில் ஒன்றரை நாள் லீவு, வருஷ லீவு 14 நாள். பண்டாரவளை டவுன்ல சேல்ஸ்மன்னா நிற்கிற எங்க பெடியனுக்கு இந்தச் சட்டம் இருக்கு (அது எந்த அளவுக்கு நடக்குது என்பது வேறு கதை). கடைச் சொந்தக்காரர் ஊழியர் இல்லை. 1958ல் ஊழியர் சேமலாப நிதி வந்தபோதும் அதே கதை. தோட்டத்துல வேலை செய்தவருக்கு ஈ.பி.எஃப் இருக்கு. அந்த ஈ.பி.எஃப் காசை எடுத்துக் கடை போட்ட நாளிலிருந்து அவருக்கு எதுவும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த லயத்துக் கடைகளில் பாதி இப்படித் தொடங்கினவைதான். ஐம்பது வயதில் மலையிலிருந்து இறங்கின அம்மா, முப்பது வருஷக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோட சீனி நிறுக்கத் தொடங்குறாங்க.

வார லீவு எந்த நாள்? ஞாயிறு என்று சொல்லிடாதீங்க. ஞாயிறுதான் பண்டாரவளைச் சந்தை. தோட்டத்துக்கு லீவு, சனம் டவுனுக்கு இறங்கும் நாள். வாடிக்கையாளரின் ஓய்வு நாள்தான் கடைக்காரரின் மிகப் பெரிய வேலை நாள். 1966லிருந்து 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கு லீவே இல்லை. டட்லி சேனாநாயக்க அரசாங்கம் சந்திரனின் நாலு பக்கங்களையும் வைத்து, போயா நாளை வார லீவாக்கியது. வாரம் சில சமயம் ஏழு நாள், சில சமயம் எட்டு நாள். வெளிநாட்டு வியாபாரத்தோடு ஒத்துவராமல் 1971ல் திரும்ப ஞாயிற்றுக்கே வந்தார்கள். நாங்க சொல்ல வர்றது, லீவு நாள் ஒன்றும் இயற்கை தந்ததில்லை, அரசாங்கம் தீர்மானிச்சா நாடே நாள் மாத்தி ஓய்வெடுக்கும். சின்னக் கடைக்காரருக்கு மட்டும் அந்தத் தீர்மானத்தை யாரும் எடுத்துக் குடுத்ததில்லை.

அரசியல் பக்கத்தை வேகமாச் சொல்லிடறோம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1948ல் குடியுரிமை போச்சு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது என்று ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏதோ ஒரு கடைக் கொப்பியில் ஒரு பக்கம் இருந்திருக்கும். பிறகு 1973, 74 பஞ்சம். விற்க மா இல்லாத கடைக்கு முன்னால் வாங்கக் காசில்லாத சனம்.

1983ஐ அப்படி வேகமாக் கடக்க முடியாது. கொழும்பு எரியத் தொடங்கிய பிறகும் பதுளை அமைதியாகத்தான் இருந்தது. யூலை 27ம் திகதி காலை மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முன்னால் ஒரு தமிழருடைய மோட்டார் சைக்கிளுக்குத் தீ வைத்தார்கள். மத்தியானம் பஸார் வீதியில் தமிழ்க் கடைகள் வரிசையா எரிந்தன. பிறகு வீடுகள். அதன் பிறகு அதே கும்பல் வாகனங்களில் ஏறி ஹாலி-எல, பண்டாரவளை, வெலிமடை என்று போனது. இரவாகும்போது லுணுகலையும் எரிந்தது. எரிந்த சொத்துக்களை அவசரகால விதிகளின் கீழ் அரசு பொறுப்பெடுத்து, புனர்வாழ்வு அதிகார சபை ஒன்றிடம் குடுத்தது. சொந்தக்காரர் தன் கடையைத் திரும்பப் பெற அங்கே போய் நிற்க வேண்டியிருந்தது.

கடை எரிந்தால் சரக்கு மட்டும் எரியாது, கொப்பியும் எரியும். யார் எவ்வளவு தரணும் என்பது அதுக்குப் பிறகு வாடிக்கையாளரின் ஞாபகத்திலும் நேர்மையிலும்தான். அதே நேரம் கொழும்பு மொத்த வியாபாரிக்கு இவர் குடுக்க வேண்டிய கணக்கு கொழும்பில் பத்திரமா இருக்கும், அதுவும் எரியாமல் இருந்திருந்தால். 'பேர்ன் அவுட்' என்ற சொல்லை எங்க ஊர்ல ஒரு அறுபது, எழுபது வயசுக் கடைக்காரரிடம் அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னால் அவருக்கு உடனே ஞாபகம் வருவது மன அழுத்தம் இல்லை. திரும்பவும் எரிக்க மாட்டாங்க என்ற நிச்சயம் இல்லாததால், கடையைப் பெருப்பிக்காமல், வருமானத்தைப் பொன்னாகவும் பிள்ளைகளின் படிப்பாகவும் மாத்திக்கொண்ட ஒரு தலைமுறை இருந்தது. அந்தத் தலைமுறைக்கு வியாபார நோக்கு இல்லை என்று சிலர் எழுதுறாங்க. பெட்ரோல் போத்தலை மனசுல வச்சுக்கொண்டு முதலீடு செய்தவர்களின் நோக்கு வேற எப்படி இருக்கும்?

அடுத்த பெரிய அடி தீ இல்லாமல் வந்தது. 2020 ஊரடங்கில் டவுன் கடைகள் மூடின, தோட்டங்கள் வேலை செய்தன. அதனால் பாரம் முழுக்க லயத்துக் கடையின் தலையில். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டு மாதத்தில் 360ஐத் தாண்டியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருஷத்துக்கு முந்தியதை விட நூற்றுக்கு 70 அளவு கூடியிருந்தது, உணவு விலை அதற்கும் மேலே. பற்றுக் கொப்பிக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. முதலாம் திகதி ஒரு மூட்டை மா கடனுக்குப் போகுது. பத்தாம் திகதி சனம் நேர்மையாக் கொண்டுவந்து கட்டுறாங்க, ஒரு சதம் குறையாமல். அந்தக் காசைக் கொண்டு டவுனுக்குப் போனால் முக்கால் மூட்டைதான் கிடைக்குது. யாரும் ஏமாத்தல, ஆனா கடை ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக் கரையுது. தெரிந்த ஒரு கடையில, அந்த வருஷம் நடுவுல கொப்பியில் ரூபாவை எழுதுறதை நிப்பாட்டிட்டு, 'மா 5 கிலோ, சீனி 2 கிலோ' என்று அளவை மட்டும் எழுதத் தொடங்கினாங்க. கட்டுற அன்றைய விலைக்குக் கட்டணும். முதல்ல சண்டை வந்தது, பிறகு சனம் ஏத்துக்கிட்டாங்க. அந்தக் கடை இப்பவும் இருக்கு.

வேறு வழி யாரும் தேடவில்லையா? தேடினார்கள். 1844 டிசம்பர் 21ம் திகதி இங்கிலாந்தின் ரொச்டேல் என்ற ஊரில் 28 பேர், பெரும்பாலும் நெசவாளர்கள், 28 பவுண் சேர்த்து ஒரு கடை திறந்தார்கள். மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ், மெழுகுதிரி. கடன் கிடையாது என்பது அவர்களுடைய விதி. ஆரம்பத்தில் திங்கள், சனி மாலைகளில் மட்டும்தான் திறந்தார்கள், மற்ற நேரம் எல்லோருக்கும் சொந்த வேலை இருந்தது. உலகத்தின் கூட்டுறவுக் கடைகளுக்கெல்லாம் முன்மாதிரியா ஆன கடை வாரத்தில் இரண்டு மாலை மட்டும் திறந்தது என்பதை எங்க சுயதொழில் வகுப்புக்காரர்கள் யாரும் சொல்லிக் குடுக்கவில்லை. வாடிக்கையாளரே சொந்தக்காரர் என்பதால் அது சாத்தியமானது. கடை மூடியிருந்தால் போட்டிக் கடைக்குப் போக அவர்களுக்கு அவசரம் இல்லை.

இலங்கையில் 1911ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1942ல் பர்மா விழுந்து அரிசி நின்றபோது, பங்கீட்டுச் சாமான் குடுக்க ஊர் ஊராக் கூட்டுறவுக் கடைகள் முளைத்தன. 1957ல் பிலிப் குணவர்தன அவற்றைப் பலநோக்குச் சங்கங்களாக்கினார். ஆனா இவை மேலிருந்து வந்தவை, பங்கீட்டுக்காக வந்தவை. பங்கீடு போனதும் பல இடங்களில் உயிரும் போச்சு. சனம் சேர்ந்து நடத்துற பழக்கம் எங்களுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு லயத்திலும் சீட்டு நடக்குது, கோயில் திருவிழாக் கணக்கு நடக்குது, மரணாதாரச் சங்கம் நடக்குது. இந்தச் சங்கத்துக்கெல்லாம் நேரக் கட்டுப்பாடும் விதியும் இருக்கு, விதியை மீறினா கேட்க ஆளும் இருக்கு. அதே ஆட்கள் மூணு கடைக்காரரையும் ஒரு இடத்துல உட்காரவைத்து, இரவு ஏழு மணிக்கு எல்லோரும் சாத்துறது, ஒரு குடும்பத்துக்குப் பற்று இவ்வளவுக்கு மேல இல்லை, ஒரு கடையில பாக்கி வச்சவருக்கு மற்றக் கடையிலும் கடன் இல்லை என்று பேச முடியாதா என்பது எங்க கேள்வி. கடைசி விதி கொஞ்சம் கொடூரம் என்று எங்க குழுவுக்குள்ளேயே சண்டை வந்தது. பாக்கி வைக்கிறவர் பெரும்பாலும் நோயாளி இருக்கிற வீட்டுக்காரர். அதனால அதை எங்கள் யோசனையா எழுதல. ஏழு மணி விஷயத்துல எல்லோருக்கும் ஒத்த கருத்து. சம்பளத்தை வாரா வாரம் குடுத்தால் பற்றுப் பிரச்சினையில் பாதி தானாகவே குறையும் என்பதிலும் ஒத்த கருத்து. சம்பளப் பேச்சுவார்த்தை என்றால் 1000 ரூபா, 1,350 ரூபா என்று தொகையைப் பற்றியே பேசுறோம். எப்ப குடுக்கிறது என்பதைப் பற்றி ஒரு தொழிற்சங்கமும் மேடையில பேசி நாங்க கேட்டதில்லை.

இதை எழுத உட்கார்ந்தபோது எங்களுக்குக் கிடைக்காதது சட்டப் புத்தகமோ அறிக்கையோ இல்லை. கடைக் கொப்பிகள்தான். ஒரு தோட்டத்துல 1960லயோ 1980லயோ சனம் என்ன சாப்பிட்டாங்க, எந்த மாதம் கடன் ஏறிச்சு, எந்த மாதம் இறங்கிச்சு, யார் ஊரை விட்டுப் போனாங்க என்பதை அதைவிடச் சரியா எழுதி வச்ச ஆவணம் வேற இல்லை. கட்டி முடிஞ்ச பக்கத்துக்கு மேல ஒரு கோடு, அவ்வளவுதான், வருஷக் கடைசியில அடுப்புக்கோ பழைய பேப்பர்காரருக்கோ போயிடுது. உங்க வீட்டுல, தாத்தாவுடைய பெட்டியில, கடை றாக்கைக்குப் பின்னால அப்படி ஏதாவது கிடந்தா போட்டுடாதீங்க. பெயர் தெரியாதபடி மறைச்சு, பக்கம் பக்கமாப் படம் எடுத்து வைங்க. நாங்க வந்து பார்க்கிறோம்.